மணிமுடி காத்த மடைப்பள்ளி!

பசித்தவன் ஓட்டலுக்குப் போகிறான். பண்டம் ஊசிப்போயிருந்தால் இலையைத் தள்ளிவிட்டு எழுகிறான். அடுத்த தெருவிலே அடுத்த கடை இருக்கிறது. முதியோர் இல்லத்திலே படுக்கையோடு கிடக்கும் மூதாட்டி எங்கே எழுவாள், எந்தத் தெருவுக்குப் போவாள்? கொடுத்ததைத் தின்னவேண்டும். ஆகவேதான், அத்தகைய இடத்துச் சமையற்கட்டிலே, எவர் அனுமதியும் கேளாமல் நுழையும் உரிமையும், தவறு கண்டால் வழக்குத் தொடுக்கும் அதிகாரமும் படைத்த ஒருவர் வேண்டும் என்கிறோம் நாம். "மேற்பார்வைதான் இருக்கிறதே!" என்பர் மேலோர். இருந்தது தோழர்களே, இங்கிலாந்திலேயும் இருந்தது!

1984, ஆகஸ்டுத் திங்கள். மேற்கு யார்க்ஷயரிலே வேக்ஃபீல்டு நகர். ஸ்டான்லி ராய்டு என்ற மனநோய் மருத்துவமனை. முதியவர் பலருக்கு அதுவே வீடு. வெந்து ஆறிய மாட்டிறைச்சி, குளிர்ப்பெட்டிக்கு வெளியே, கோடை வெப்பத்திலே, சுமார் 10 மணி நேரம் கிடந்தது. பார்வைக்குப் பழுதில்லை, மணத்திலே மாற்றமில்லை. (ஊசிய சோறு மூக்குக்கு முன்கூட்டியே சேதி சொல்லும், சால்மொனெல்லா என்ற கிருமி சொல்லாது!) பரிமாறினார்கள். 355 நோயாளிகள் விழுந்தனர். 19 பேர் மாண்டனர். உழைத்து உரமேறிய உடல் இரண்டு நாள் வயிற்றுப்போக்கைத் தாங்கும்; தளர்ந்த உடலோ நீர் வற்றி ஓய்ந்துவிடும்.

சமையற்காரன் சோம்பேறி என்று சொல்லிக் கதையை முடிப்பது எளிது. ஊழியர் 106 பேரும் அல்லவா நோயிலே வீழ்ந்தனர்! அடுப்படியிலே வெந்தவனை விடுங்கள், சட்டத்தைப் பாருங்கள். சுகாதார அதிகாரி டீக்கடைக்காரரைக் கூண்டிலே நிறுத்தலாம். அரசாங்க மருத்துவமனைச் சமையற்கட்டின்மீது மட்டும் வழக்கே தொடுக்க முடியாது. ஏன்? அது மன்னர் உடைமை! மன்னரின் சட்டம் மன்னர்மீது பாயாது! கரப்பான் பூச்சிக்கும் மணிமுடியின் நிழல்! அதிகாரி யோசனை கூறலாம், எழுதித் தரலாம், வணக்கம் சொல்லிவிட்டு வரலாம்.

விசாரணைக் குழுவின் அறிக்கை 1986-இல் வந்தது. அவ்வாண்டே சட்டம் திருத்தப்பட்டது. 1987-இல் அந்தப் பாதுகாப்பு மருத்துவமனைச் சமையற்கட்டைவிட்டு நீங்கிற்று. 19 பேரைப் புதைத்த பிறகு!

இன்று அங்கே முதியோர் இல்லங்களுக்கும் அதிகாரி சொல்லாமல் வருகிறார். சூடான உணவு 63 பாகைக்குக் குறையாமலும், குளிர்ந்த உணவு 8 பாகைக்கு மேற்படாமலும் காக்கப்படுகிறதா என்று கணக்கைப் புரட்டுகிறார். 0 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார். நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை நாம். வேல்சு நாட்டிலே 2013 முதலும், வட அயர்லாந்திலே 2016 முதலும் அந்த மதிப்பெண்ணை வாசலிலே ஒட்டியே தீரவேண்டும். இங்கிலாந்திலோ கட்டாயமில்லை! 0 வாங்கிய இல்லம் அட்டையை மேசை அறைக்குள் போட்டுப் பூட்டினாலும் குற்றமில்லை. தாயைக் காணவரும் மகன் இணையத்திலே தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளலாமாம். கட்டிலிலே கிடக்கும் தாய் யாரைக் கேட்பாள்?