பத்துப் பேர், ஒரு மேசை

1941 நவம்பரில் ஒரு மாலை. நியூயார்க்கில் இரவு விருந்துக்கு வந்த சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனைச் சாப்பிடக்கூட விடாமல் ஒரு வானொலி நிலையத்துக்கு அழைத்துப் போனார், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றிய பால் லாசர்ஸ்ஃபெல்ட். அங்கே சிலர் ஒரு நிகழ்ச்சியைக் கேட்டபடி பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார்கள். பிடித்தால் பச்சை, பிடிக்காவிட்டால் சிவப்பு. முடிந்ததும் ஒருவர் அவர்களிடம் காரணம் கேட்டார். கேள்விக்குள்ளேயே பதிலை ஊட்டுகிறாரே என்று மெர்ட்டன் குறை சொல்ல, அடுத்த குழுவை அவர் தலையிலேயே கட்டினார் லாசர்ஸ்ஃபெல்ட்.

இன்று ‘ஃபோகஸ் குரூப்’ எனப்படும் குவிக்குழு வளர்ந்தது இப்படித்தான். ஒருவரையொருவர் அறியாத ஆறு முதல் பத்துப் பேர், ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம், பேச்சை நடத்த ஒரு நெறியாளர். சில இடங்களில் ஆய்வைக் கேட்ட நிறுவனத்தார் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து பார்ப்பார்கள். வேலை முழுவதும் நெறியாளர் கையில். “ஏன் வாங்கினீர்கள்?” என்றால் ஆட்கள் அப்போதே ஒரு காரணத்தைச் செய்து தருவார்கள், “கடைசியாக வாங்கிய நாளைச் சொல்லுங்கள்” என்றால் உண்மை மெல்ல வரும். சத்தமாகப் பேசுபவரை அடக்கி, வாய் திறக்காதவரைப் பேசவைக்க வேண்டும். தலையாட்டக்கூட யோசிக்க வேண்டும்.

ஒருவர் பேச்சு மற்றவரை மாற்றிவிடும் என்பதுதான் இம்முறையின் குறை என்பார்கள். எனக்கு அதுவே அதன் பலமாகத் தெரிகிறது. 1985இல் கோக்கோ கோலா தன் பழைய சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறத்தாழ 2 லட்சம் பேரிடம் நடத்திய சுவைச் சோதனையில் புதியதே வென்றிருந்தது. குவிக்குழுக்களிலோ வேறு கதை: பழையதை எடுத்துவிடுவார்கள் என்றதும் ஒரு சிலர் கொதித்தார்கள்; அவர்கள் பேசப் பேச, புதியதைப் பாராட்டியவர்களும் பின்வாங்கினார்கள். நிறுவனம் பெரிய எண்ணிக்கையை நம்பியது. ஏப்ரலில் புதிய கோக் வந்தது. நாடு முழுக்க அதே கொதிப்பு பரவ, ஜூலையில் பழையதை மீண்டும் கொண்டுவந்தார்கள்.

ஆனாலும் பத்துப் பேரை நாடாக எண்ணிவிடக் கூடாது. குழுவில் கிடைப்பவை புதிய ஊகங்களே, அவை எத்தனை பேருக்குப் பொருந்தும் என்பதைத் தனியே ஆராய வேண்டும் என்று 1987இல் மெர்ட்டனே எழுதினார். எனவே தேர்தல் நேரத்தில் “பத்து வாக்காளர்களிடம் பேசினோம், காற்று இந்தப் பக்கம்தான்” என்று தொலைக்காட்சி சொன்னால், தயங்காமல் சேனலை மாற்றுங்கள்.