பென்சிலுக்கு முன்னால் நெல், மாவு, புளியங்கொட்டை

விஜயதசமி அன்று பூந்தோட்டம் அருகே கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் கூட்டம் நிரம்பி வழியும். தட்டில் பரப்பிய நெல்லில் பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பார்கள். நெல் விலகி வழி விட, எழுத்து எங்கே சுழிகிறது, எங்கே நீள்கிறது என்பது விரலுக்கே தெரியும். கற்றலுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

சிக்கல் மறுநாள்தான் வருகிறது. நெல்லை அள்ளிவிட்டு, மூன்றரை வயதுப் பிள்ளையிடம் நான்கு கோடு நோட்டையும் பென்சிலையும் கொடுத்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்கிறோம். “கை வலிக்குதும்மா” என்றால் சோம்பேறித்தனம் என்கிறோம். பெரும்பாலும் அந்த வலி உண்மையானதாகவே இருக்கும்.

கை தயாராக வேண்டும்

மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஒவ்வொன்றாகத்தான் இறுகும், கடைசி எலும்பு இறுகத் தொடங்கவே பெரும்பாலும் 8 வயது தாண்டிவிடும். விரல்களின் சிறு தசைகளும் எல்.கே.ஜி. வயதில்தான் வலுப்பெற்று வருகின்றன. அதற்காக எழுத்தைத் தள்ளிப்போட வேண்டாம். முதலில் கையைப் பழக்கினால் போதும்.

பழக்க, கடைக்குப் போய் எதுவும் வாங்க வேண்டியதில்லை. மொச்சை உரிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தோலை அழுத்திப் பிளக்கின்றன. பென்சிலைப் பிடிக்கப் போவதும் அதே விரல்கள்தான். கீரை ஆய்வது, சப்பாத்தி மாவு உருட்டுவது, கொழுக்கட்டை பிடிப்பது எல்லாமே கைக்குப் பயிற்சி. காலையில் வாசலில் பெரியவர்கள் கோலம் போடும்போது, ஓரமாக நாலு புள்ளி வைத்துக் கொடுங்கள். மாவைக் கிள்ளி எடுத்துப் பிள்ளை இணைக்கட்டும். கோணலாக வந்தால் அழித்துத் திருத்த வேண்டாம்.

1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரியும், உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவச் செய்த பிறகே பென்சிலுக்குப் போனார். நம் வீட்டில் அந்த வேலையை ஒரு தட்டு நெல் செய்துவிடும். விஜயதசமியோடு அதை எடுத்து வைத்துவிடாமல், ஆண்டு முழுக்க விளையாடக் கொடுக்கலாம்.

எண்ணும் அளவும்

ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் “ஏழு கொட்டை எடுத்துக் குடு” என்றால் திணறுவது உண்டு. பல்லாங்குழியில் ஒரு குழிக்கு ஒரு புளியங்கொட்டை என்று 14 குழியிலும் போட்டு வரும்போது, எண்ணுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு கைவழியே பிடிபடும். ஆட்ட விதியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

டெல்டா வீடுகளில் அரிசிக்குப் பஞ்சமில்லை. பொன்னி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி மூன்றிலும் ஒரு பிடி எடுத்துக் கலந்து முறத்தில் வையுங்கள். வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்று பிள்ளை பிரிக்கட்டும். எத்தனை ஆழாக்கு கொட்டினால் படி நிறையும் என்று அப்பாயியோடு உட்கார்ந்து அளந்து பார்க்கட்டும். முதலில் ஊகித்துச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு அளக்கலாம்.

காதும் நாக்கும்

திருவாரூர் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் போனைக் கொடுக்காமல், “எந்த பஸ்ஸுல ‘ம’ இருக்கு?” என்று கேளுங்கள். மன்னார்குடி வண்டியைக் கண்டதும் பிள்ளை துள்ளும். வீட்டில் ‘க’வில் தொடங்கும் சொல்லை ஆளுக்கொன்றாகச் சொல்லலாம்: கடல், கன்று, கத்தரிக்காய். கதையைப் பாதியில் நிறுத்தி “அப்புறம் என்ன ஆயிருக்கும்?” என்று கேட்டால் பேச்சு தானாக வளரும்.

ஓட்டம், தூக்கம், திரை

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 3, 4 வயதுப் பிள்ளைகள் நாள் முழுவதுமாகச் சேர்த்து 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும். அதில் 1 மணி நேரம் மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். டிவி, போன் எல்லாம் சேர்த்து 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

நொண்டி, பாண்டி, கண்ணாமூச்சி மூன்றும் இருந்தால் ஓட்டக் கணக்கு நிறைந்துவிடும். அறுவடை முடிந்த வயலில் கையைப் பிடித்து வரப்பில் நடக்க வைத்தால் உடல் சமநிலை கைகூடும். வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைவு.

“பால்வாடியில விளையாட்டுதான் நடக்குது” என்று சிலர் குறைப்படுவது உண்டு. அங்கே பின்பற்றும் பாடத்திட்டத்தின் பெயரே ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’. அவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

கவனம் தேவைப்படும் இடங்கள்

புளியங்கொட்டை, மொச்சை போன்றவற்றைப் பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வார்கள். விழுங்கினால் மூச்சுக்குழாயை அடைக்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள தம்பி, தங்கைகள் கையில் இவை சிக்கக் கூடாது. குன்றிமணி கண்டிப்பாக வேண்டாம், அது நஞ்சு. வாய்க்கால், குளம், தண்ணீர்த் தொட்டி அருகே விளையாட்டென்றால் பிள்ளை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். மண்ணில் விளையாடியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

சேர்ந்து விளையாடும் பெற்றோருக்குத்தான் குறைகள் முதலில் கண்ணில் படும். 3 வயதிலும் இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசாதது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, பேசிய சொற்களை மறந்துபோவது, படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பது, அடிக்கடி தடுக்கி விழுவது ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. “அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு” என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் பள்ளிச் சிறார் நல மருத்துவக் குழுவிடமோ, அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவிலோ காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பயிற்சியின் பலன் கூடும்.

நாலு வயதில் ‘அ’ கோணலாக வருகிறது என்பதற்காக மட்டும் யாரிடமும் போக வேண்டியதில்லை.