கால் மடக்காத பறவை

தமிழ் இலக்கியத்திலே பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள் பெரும்பாலும் பிறர் செய்து கொடுத்ததாகவே காணப்படும். குறுந்தொகையிலே தும்பிசேர் கீரனார், தச்சன் செய்த சிறுதேரில் ஏறிச் செல்ல இயலாதாயினும் அதனைக் கையாற் பற்றி இழுத்தே இன்புறும் சிறாரைக் காட்டுவர். பெரும்பாணாற்றுப்படையிலே தேருருட்டி இளைத்த புதல்வர் செவிலியரைத் தழுவிப் பாலுண்டு துயில்வர். பிற்காலத்து ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமாகிய சிறுதேர்ப் பருவத்திலும் குழந்தை தேரை உருட்டுகின்றதேயன்றிச் செய்கின்றதில்லை. செய்பவன் தச்சன், உருட்டுபவன் பிள்ளை. சிறுமியர் இழைத்த சிற்றிலும் வண்டற் பாவையும் இதற்கு விலக்கு எனலாம். ஆனால் அவை அலை வந்து அழிக்கும் வரையிலேயே நிற்பவை.

மட்டக்களப்பு வாவிக்கரையிற் பிறந்த பிள்ளைகளாகிய எமக்குத் தச்சன் தேர் செய்து தந்தானல்லன். அவனுக்குத் தோணி செய்யவே பொழுது போதாது. ஆதலின் யாமே செய்துகொண்டோம். குரும்பைகளை ஈர்க்கிலே கோத்துத் தேர், தென்னோலையிலே காற்றாடி, பூவரசம் இலையைச் சுருட்டி ஊதுகுழல், பனங்காயிரண்டைத் தடியாற் பிணைத்து வண்டில், வாழைத் தண்டிலே தோணி. கமுகம் மடலில் ஒருவன் அமர மற்றொருவன் இழுத்துச் செல்வதும் உண்டு. இவற்றுக்குச் செலவு ஒரு சதமும் இல்லை. மூன்றாம் நாள் ஓலை வாடும், நாலாம் நாள் புதியது செய்வோம். நிலைத்து நிற்கும் ஒன்றைச் செய்தல் வேண்டும் என்ற எண்ணம் எமக்குத் தோன்றியதேயில்லை.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு வீசிய சூறாவளி எமது பிரதேசத்தின் தென்னைகளை ஆயிரமாயிரமாகச் சாய்த்தது. குரும்பைக்கும் பஞ்சம் வந்தது. இதனைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அடுத்த ஆண்டிலே, கூரையின் ஒரு பாதி இன்னும் வேயப்படாதிருந்த எமது வீட்டுக்கு, இங்கிலாந்திலிருந்து தாய்மாமன் வந்தார். எனக்குப் பத்து வயது. அவர் கொணர்ந்த சிறு பெட்டியிலே, பாளையிற் குரும்பைகள் ஒட்டியிருப்பன போலப் பிளாஸ்டிக் சட்டமொன்றிலே சிறு சிறு துண்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண். மடித்து வைத்த தாளொன்றில் அத்துண்டுகள் எவ்வெவ்வாறு பொருந்தும் என்பது படங்களாகக் காட்டப்பட்டிருந்தது. ஏர்ஃபிக்ஸ் என்னும் நிறுவனத்தின் ஆகாய விமான மாதிரி அது.

அந்த நிறுவனத்தின் வரலாறு வேடிக்கையானது. 1939இல் ஹங்கேரி நாட்டிலிருந்து வந்த நிக்கலஸ் கோவ் என்பார் அதனை இங்கிலாந்திலே தொடங்கினார். முதலிற் செய்தது காற்றடைத்த ரப்பர் விளையாட்டுப் பொருள். யுத்தத்தின் பின் உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சினுட் செலுத்தும் பொறியை வாங்கி, தலைவாரும் சீப்புகளைச் செய்து குவித்தார். 1949இலே பேர்கசன் என்னும் உழவு இயந்திரத்தின் சிற்றுருவை விளம்பரத்தின் பொருட்டுச் செய்துதரும்படி அதன் உற்பத்தியாளர் கேட்டனர். துண்டுகளைப் பொருத்திக் கொடுப்பதற்கு ஆட்கூலி மிகுதியாகவே, பொருத்தாமலே பெட்டியில் இட்டு விற்கும் வழி பிறந்தது. 1952இற் சிறு கப்பலொன்று பையிலே வந்து இரண்டு சிலிங்குக்கு விற்றது. தச்சனின் கூலியை மிச்சப்படுத்த எண்ணிய வணிகர், பிள்ளையைப் பாதித் தச்சனாக்கிவிட்டனர். சங்கப் புலவர் காணாத தேர் இது.

வேலை தொடங்கிற்று. மாமா இரண்டே விதிகள் கூறினார். துண்டுகளை முறித்தெடுத்தல் ஆகாது, சவர அலகினால் வெட்டியெடுத்தல் வேண்டும் என்பது ஒன்று. பொருந்துகின்றதா என்று பாராமற் பசை இடலாகாது என்பது மற்றொன்று. அலகு அவர் கையிலேயே இருந்தது. பசைதான் எனக்குப் பெரும் புதுமை. யாம் அறிந்த பசை விளாம்பிசினும் சோற்றுப் பசையும். அவை இரண்டு பொருள்களுக்கு நடுவே மூன்றாவதாக நின்று பிடிப்பவை. இலக்கணத்திற் சாரியை நிற்பது போல. இந்தப் பசையோ அவ்வாறு நில்லாது. இரு துண்டுகளின் விளிம்பையும் சிறிதே கரைத்து, ஒன்றோடொன்று கலக்கச் செய்து, தான் காற்றோடு போய்விடும். பின்னர்ப் பிரிக்க முயன்றால் உறுப்பே உடையும். நன்னூலைப் படிக்கத் தொடங்கி விகாரப் புணர்ச்சிக்கு வந்தபோது, அப்பசையின் மணம் என் மூக்கில் வீசிற்று. என் மாணவருக்கும் புணர்ச்சியை இவ்வாறே விளக்கி வருகின்றேன். இளையோர் நகைப்பர், ஆயினும் மறப்பதில்லை.

பெட்டியின் மேலே 1/72 என்று எழுதியிருந்தது. மாமா அதற்குப் பொருள் சொன்னார்: ஆறடிக்கு ஓர் அங்குலம். அருகிருந்த மீன்பிடி முதியவர் ஒருவர், "அப்ப பாகத்துக்கு ஓரங்குலம் எண்டு சொல்லு" என்றார். ஆறடி கொண்ட பாகமே எமது கடலோர் ஆழம் அளக்கும் அளவு. எனவே அந்த விமானம் இறகு முனைகளுக்கிடையே ஏறக்குறைய எட்டுப் பாகம். என் கையிலே எட்டு அங்குலம். உள்ளே அமர்ந்த இருவரும் அங்குல உயரமும் இல்லாதவர். இங்கிலாந்திலே வகுத்த கணக்கு வாவிக்கரையின் கணக்கோடு இம்மியும் பிசகாமல் ஒத்து வந்ததை எண்ணி இன்றும் வியக்கின்றேன்.

இங்கே ஒரு சிறு விலகல் பொறுத்தருளப்படும் என்று நம்புகின்றேன். காரைதீவிலே 1892இற் பிறந்த சுவாமி விபுலானந்தர் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை. யாழின் உறுப்புகளுக்குப் பெயர்கள் நூல்களில் இருந்தன: பத்தர், கோடு, போர்வை, ஆணி, நரம்பு, திவவு. அவை பொருந்தும் முறையைக் காட்டும் தாள் இல்லை, கருவியும் இல்லை. பொருநராற்றுப்படை முதலியவற்றின் உவமைகளையே எண்ணிட்ட படமாகக் கொண்டு, பல ஆண்டு உழைத்து, யாழின் வடிவத்தை அவர் மீட்டெடுத்தார். 1947 ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூல் அரங்கேறிற்று; ஜூலையில் அவர் மறைந்தார். அவரது சமாதி எமது ஊராகிய கல்லடியில் இருக்கின்றது. பெயர் மட்டும் இருந்து பொருள் மறைந்ததை அவர் உருவாக்கினார். என் கையிலோ பொருள் உருவாகிக்கொண்டிருந்தது. அஃது இன்னதென்பதே எனக்குத் தெரியாது.

விமானம் யப்பானியருடையது, இரண்டாம் உலக யுத்தத்தில் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்து, செங்குத்தாகப் பாய்ந்து குண்டெறிந்த ஐச்சி டி3ஏ. பகைவரின் விமானங்களை நினைவிற் கொள்ளும் பொருட்டு நேச நாட்டார் அதற்கு இட்ட பெயர் 'வல்'. அது பெண்பெயரின் குறுக்கம். ஆனால் தமிழறிந்தோர் அச்சொல்லைக் கடந்து செல்ல முடியாது. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலே 'வல்' என்னும் சொல்லுக்குத் தனியே புணர்ச்சி விதி வகுத்தனர். உரையாசிரியர் அதனைச் சூதாடு கருவி என்பர். விளையாட்டுப் பெட்டியொன்றின் மேல் அச்சொல் வந்தமர்ந்தது தற்செயலே.

மூன்று நாளில் வேலை முடிந்தது. சிவந்த வட்டங்களை நீரில் நனைத்து இறகுகளில் ஒட்டினோம். உலர்வதற்காகத் திண்ணையிலே வைத்திருந்தபோது பெத்தா வந்தார். எம் பகுதியிலே தாயின் தாயைப் பெத்தா என்பது வழக்கம். அவருக்கு எழுத்துத் தெரியாது. பெட்டியிலே எழுதியிருந்தது எதுவும் அவருக்கு எட்டாது. விமானத்தைக் கையிலெடுத்து, தலைகீழாகத் திருப்பி, அடியிலிருந்த சக்கரங்களிரண்டையும் விரலாற் தடவிப் பார்த்தார். பின்பு சொன்னார்:

"இதுதான் மனே அது. காலத் தொங்கப் போட்டிட்டுப் போனது இதுதான்."

பெரும்பாலான போர் விமானங்கள் எழுந்தவுடன் சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும். இந்த விமானத்துக்கு அந்த அமைப்பு இல்லை. நீண்ட உறையிட்ட கால்கள் எப்பொழுதும் வெளியே தொங்கும். பறவை பறக்கும்போது காலை ஒடுக்கிக்கொள்ளும் என்பதைக் கொக்கையும் நாரையையும் பார்த்து வளர்ந்த பெத்தா அறிவார். அவ்வாறு ஒடுக்காத ஒன்றை 37 ஆண்டுகளின் பின்னும் அவர் கண் மறக்கவில்லை.

அவர் சொன்னவற்றைச் சேர்த்துச் சொல்கின்றேன். சித்திரை வருடப் பிறப்புக்கு ஐந்து நாள் இருந்ததாம். முகிலில்லாத முற்பகலிலே கடற்பக்கத்திலிருந்து இடியோசை. வேலிக்கு வெளியே வந்து பார்த்தவர்கள் கடலின் விளிம்பிலே கரும்புகை எழுவதைக் கண்டனர். சிறிது நேரத்தில் அப்பறவைகளிற் சில தாழப் பறந்து போயின. கைக்குழந்தையாயிருந்த என் தாயைச் சீலையிற் சுற்றிக்கொண்டு, எழுவான்கரையை விட்டுத் தோணியேறி, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போய் உறவினர் வீட்டிலே தங்கினராம். திரும்பி வந்தபோது கரையெல்லாம் எண்ணெய் நாற்றம். வருடப் பிறப்புக்கு அடுப்பு மூட்டவில்லை.

இத்தனையும் சொல்லி முடித்தபின் பெத்தா கேட்டது இரண்டு வினா. "இதுக்குள்ள எத்தின பேர்?" இருவர் என்று காட்டினேன். "கப்பல்ல?" எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. பெட்டியிலே இறகின் அளவு இருந்தது, நிறங்களின் பெயர்கள் இருந்தன. எமது கடலின் பெயர் இல்லை.

அது 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9, வியாழக்கிழமை. அதற்கு நான்கு நாள் முன்பு கொழும்பைத் தாக்கிய யப்பானியக் கடற்படை அன்று காலை திருக்கோணமலையைத் தாக்கிற்று. தாக்குதல் வரும் என்று அறிந்து முதல்நாளிரவே அத்துறைமுகத்தை விட்டு வெளியேறித் தெற்கே வந்திருந்தது ஹேர்மஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். விமானந்தாங்கியாகவே முதலில் வரையப்பட்டுக் கட்டத் தொடங்கப்பெற்ற உலகின் முதற் கப்பல் அது. 1918இல் அடிக்கட்டை இடப்பட்டு 1924இற் பணியில் அமர்ந்தது. இதிலும் ஒரு முரண். அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. அதன் விமானங்கள் திருக்கோணமலையிலே கரையில் நின்றன. யப்பானியரோ 85 'வல்' விமானங்களை ஏவினர். மட்டக்களப்புக்கு அப்பால், முற்பகல் பத்தரை மணிக்குப் பின் தொடங்கிய தாக்குதலில், ஏறக்குறைய இருபது நிமிடத்திலே ஹேர்மஸ் மூழ்கிற்று. துணைக்கு வந்த வம்பயர் என்னும் அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கிற்று. அவ்வழியே வந்த வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் 600 பேரளவிலே நீரிலிருந்து மீட்டது.

பெத்தாவின் இரண்டாம் வினாவுக்கு விடை, பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலகத்திலே, கடற்போர் வரலாற்று நூலொன்றில் எனக்குக் கிடைத்தது. ஹேர்மஸிலே மாண்டவர் 307 பேர். அதைச் சொல்வதற்குப் பெத்தா அப்பொழுது இல்லை. தாயிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "என்னைச் சீலையில சுத்தினது அண்டைக்குத்தானே" என்று மட்டும் சொன்னார்.

அந்த விமானத்தைப் பெத்தா எறியச் சொல்லவில்லை. வீட்டினுள் வைக்கவும் விடவில்லை. தாழ்வாரத்து வளையிலே நூலிற் கட்டித் தொங்கவிட்டோம். வாடைக்காற்றிலே கடலை நோக்கியும் சோளகத்திலே வாவியை நோக்கியும் திரும்பிக்கொண்டிருந்தது. உள்நாட்டு யுத்த ஆண்டுகளிலே எம் ஊர்ப் பிள்ளைகள் விமான வகைகளை உருவத்தால் அன்றி ஓசையால் அறியக் கற்றனர். அக்காலத்திலே அதனை அண்ணாந்து பார்க்கவும் எவருக்கும் மனமில்லை. 1990இலே ஊரை விட்டு ஓடித் திரும்பியபோது வளை இருந்தது, நூலும் இருந்தது.

சென்ற ஆண்டு, என்னிடம் கற்று இப்பொழுது வெளிநாட்டில் வாழும் மாணவர் ஒருவர் ஒரு பெட்டி அனுப்பியிருந்தார். ஹேர்மஸ் கப்பலின் மாதிரி. செய்தது யப்பானிலே சிசுவோக்கா நகரத்து அவோசிமா நிறுவனம். அந்நகரத்து நிறுவனங்கள் சில ஒன்றுகூடி 1971 முதல் வெளியிட்டுவரும் 'நீர்மட்ட வரிசை'யைச் சேர்ந்தது. மூழ்கடித்தவரின் பேரர் மூழ்கியதை இத்துணை நுட்பமாக வார்த்திருப்பது கண்டு முதலிற் சினமே வந்தது. துண்டுகளை எடுத்துப் பார்க்கப் பார்க்க அது தணிந்தது. அளவு 1/700. நூறு பாக நீளமுள்ள கப்பல் என் கைச்சாணைச் சற்றே கடக்கின்றது. 'வல்' விமானத்தின் அளவில் இதனைச் செய்திருந்தால் நூறு அங்குலம் வந்திருக்கும், திண்ணை கொள்ளாது.

நீர்மட்ட வரிசை என்பதற்குப் பொருள், நீருக்கு மேலே தோன்றும் பகுதி மட்டுமே உண்டு என்பது. அடிப்பகுதி கிடையாது, மேசையில் வைத்தால் மேசையே கடல். மெய்யான ஹேர்மஸ் இப்பொழுது நீருக்கு மேலே ஓர் அங்குலமும் இன்றி, ஏறக்குறைய 29 பாக ஆழத்திலே ஒருக்களித்துக் கிடக்கின்றது. கடல் அமைதியாயிருக்கும் மாதங்களிலே முக்குளிப்போர் அதனைப் பார்க்கக் கல்லடியிலிருந்து படகேறுகின்றனர்.

துண்டுகளை வெட்டத் தொடங்கிவிட்டேன். பசை கொழும்பிலிருந்து வரவேண்டும்.