காதல் பாதி, தலைமறைவு பாதி... டோக்கியோவில் ஒரு கோழிக் குழம்பின் கதை!

வல்லத்தில் பஸ் ஏறி திண்டிவனம் இறங்கும்வரை என் சித்தப்பா பையன் போனை விட்டுத் தலைநிமிரவே இல்லை. எட்டிப் பார்த்தால் ஜப்பான் காமிக்ஸ். வேலைக்காக ஜப்பானிய மொழி படிக்கிறான். "போற ஊரைப் பத்தித் தெரிஞ்சுக்க வேணாமாண்ணே?" என்றான். வாஸ்தவம்தான்!

ஜப்பானில் வெளிநாட்டுக்காரர் வாழ்வதையும் காதலிப்பதையும் படமாக வரைந்த புத்தகங்கள் நிறைய உண்டு. பிரான்ஸைச் சேர்ந்த ஃப்ரெடெரிக் புவாலே, டோக்கியோவில் நடக்கும் ஒரு காதலை 2001-ல் 'யுகிகோவின் கீரை' என்ற கிராஃபிக் நாவலாக்கினார். சவோரி ஒகுரி 2002-ல் எதிர்ப்பக்கம் நின்று வரைந்தார். அவர் ஜப்பானியப் பெண், வெளிநாட்டுக்காரர் அவருடைய கணவர் டோனி. வீட்டுக்குள் நடக்கும் சின்னச் சின்ன குழப்பங்கள்தான் கதையே. 2010-ல் சினிமாவாகவும் வந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது ஒரு வங்காளி. ராஷ் பிஹாரி போஸ். நேதாஜி இல்லைங்க, அவருக்கு முந்தைய போஸ்!

1912 டிசம்பரில் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்ச் மீது குண்டு வீசப்பட்டதே, அந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர். 1915-ல் ராணுவத்துக்குள் புரட்சி கிளப்பும் முயற்சியும் தோற்றுப்போக, கவி தாகூரின் சொந்தக்காரர் போல பி.என்.தாகூர் என்று பேரை மாற்றிக்கொண்டு கப்பலேறி ஜப்பானுக்குத் தப்பினார். அப்போது ஜப்பான் பிரிட்டனின் கூட்டாளி நாடு. பிரிட்டிஷ்காரர்கள் நெருக்க, டிசம்பர் 2-க்குள் நாட்டை விட்டு வெளியேறு என்று உத்தரவு வந்துவிட்டது. கப்பல் ஏற்றினால் பிரிட்டிஷார் கையில் சிக்குவார், சிக்கினால் தூக்கு.

டோக்கியோவின் ஷின்ஜுகுவில் 'நகமுரயா' என்று ஒரு பேக்கரி. முதலாளி சோமா ஐசோ. பேப்பரில் செய்தியைப் படித்துவிட்டு, "நம்ம கடையில ஒளிச்சு வைக்கலாமே" என்று கடைக்கு வந்த ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அது அரசியல் செல்வாக்குள்ள தோயாமா மிட்சுருவின் காதுக்குப் போனது. தோயாமா வீட்டுக்குள் போஸ் போகிறார். வாசலில் போலீஸ். கழற்றிவிட்ட ஷூ வாசலிலேயே கிடந்ததால், ஆள் உள்ளேதான் இருக்கிறார் என்று போலீஸ் காத்துக்கொண்டே இருந்ததாம். அவர் பின்பக்கமாகப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. கிராஃபிக் நாவல் வரைகிறவர்களே, அந்த ஷூவுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்க!

பேக்கரியின் பின்பக்கம் இருந்த ஓவியக்கூடத்தில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்தார். நாடு கடத்தும் உத்தரவு பிறகு ரத்தானாலும் பிரிட்டிஷ் உளவாளிகள் விடவில்லை. வீடு மாற்றி வீடு மாற்றி ஓட்டம். கூடவே நம்பிக்கையான ஒரு துணை வேண்டும் என்று, பேக்கரி முதலாளியின் மூத்த மகள் தோஷிகோவைக் கல்யாணம் செய்துவைக்கச் சொன்னார் தோயாமா. தோஷிகோ உடனே தலையாட்டவில்லை, நாள் எடுத்து யோசித்துத்தான் சம்மதித்தார். 1918-ல் கல்யாணம்.

இதைக் 'காதல் கதை' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு ஒரு இடத்தில் நெருடும். என்மேல் நிஜமாகவே அன்பா, இல்லை பெரியவங்க சொன்னதுக்காகவா என்று போஸுக்குச் சந்தேகம். அன்பிருந்தால் என் கண்ணெதிரே குதித்துக் காட்டு என்று கேட்டதாகவும், தோஷிகோ நிஜமாகவே குதிக்கப் போக, இவர் பதறித் தடுத்ததாகவும் சொல்வார்கள். இன்றைக்கு யாராவது இப்படிக் கேட்டால் 'டாக்ஸிக்' என்று பிளாக் பண்ணிடுவோம். அந்தப் பெண் மிரட்டலுக்கும் ஓட்டத்துக்கும் நடுவே இரண்டு குழந்தைகளை வளர்த்தார். 1923-ல் போஸுக்கு ஜப்பான் குடியுரிமை கிடைத்து, ஓட்டம் நின்றது. 1925-ல் தோஷிகோ இறந்துபோனார். முப்பது வயதுகூட ஆகவில்லை.

போஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1927-ல் மாமனார் கடையில் சிற்றுண்டிச்சாலை திறந்தபோது, நம்ம ஊர்க் குழம்பை மெனுவில் வைக்கச் சொன்னார். ஜப்பானில் அப்போது கறி என்றால் பிரிட்டன் வழியாக வந்த, மாவு போட்டுக் கெட்டியாக்கிய வகை. அதைப் பார்த்து இவருக்குக் கோபம். நம்ம சாப்பாட்டையும் வெள்ளைக்காரன் மாத்திட்டானே என்று! எலும்போடு கோழி, மசாலா, தனியாகச் சோறு. சாதாரணக் கறி சோறு 10, 12 சென் விற்ற காலத்தில் இது 80 சென். அப்படியும் கூட்டம். 'காதலும் புரட்சியும் கலந்த ருசி' என்றே அதற்குப் பேர் விழுந்தது.

பின்னாளில் இந்திய சுதந்திர லீகை நடத்தி, 1943 ஜூலையில் சிங்கப்பூரில் தலைமையை சுபாஷ் சந்திர போஸிடம் ஒப்படைத்தவரும் இவர்தான். மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஐ.என்.ஏ-வில் சேர்ந்தார்களே, அந்தக் கதைக்கும் இவர் கதைக்கும் முடிச்சு அங்கே. சுதந்திரத்தைப் பார்க்காமலேயே 1945 ஜனவரியில் இறந்தார். அதே வருடம் மகன் மசாஹிதே, ஜப்பான் ராணுவத்துக்காக ஒகினாவா சண்டையில் செத்துப்போனார்.

நகமுரயா இன்னமும் ஷின்ஜுகுவில் இருக்கிறது. அந்தக் குழம்பும் இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுகிற பாக்கெட்டிலும் கிடைக்கும். கதையை முடித்ததும் தம்பி கேட்டான், "காரமா இருக்குமாண்ணே?" போய்ச் சாப்பிட்டுட்டுச் சொல்லுடா என்றேன்.