கூகுள் படிக்காத தமிழ்

வெள்ளவத்தை காலி வீதியிலோ கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலோ கடை வைத்திருக்கும் ஒருவர் இணையத்தளம் அமைக்கப் போனால், எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னுக்குக் கொண்டுவரும் வேலை), கீவேர்ட், பேக்லிங்க், டிராஃபிக் என்ற சொற்கள்தான் முதலில் காதில் விழும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம் சொல்வார்கள். இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே வேலை. நாம் தேடும் கணத்தில் கூகுள் உலகத்துப் பக்கங்களையெல்லாம் புரட்டிப் பார்ப்பதில்லை. அதன் நிரல் முன்கூட்டியே பக்கம் பக்கமாகப் போய், எந்தச் சொல் எங்கே வருகிறது என்று பதிந்து வைக்கிறது. புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு போன்ற அந்தப் பதிவுதான் இன்டெக்ஸ். அதில் ஏறாத சொல்லைக் கீவேர்ட், அதாவது தேடுசொல், என்று அழைத்துப் பயனில்லை. ஆகவே, விளம்பரத்துக்குக் காசு கட்டுமுன், தன் பக்கத்திலுள்ள தமிழ் கணினிக்கும் தமிழாகத் தெரிகிறதா என்று கொழும்புத் தமிழ் வியாபாரி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கல்யாண அழைப்பிதழ் முதல் துண்டுப்பிரசுரம் வரை இங்குள்ள அச்சுவேலையில் நெடுங்காலம் கோலோச்சியது பாமினி எழுத்துரு. அதில் ‘தமிழ்’ என்று அடித்தால் திரையில் தமிழ்தான் தெரியும். கோப்பில் பதிவாவதோ ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துரு அவற்றின்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. காகிதத்தில் அச்சிட அது போதும். தேடுபொறியின் நிரல் உருவத்தை விட்டுவிட்டு, அடியிலுள்ள குறியெண்ணைப் படிக்கிறது. யூனிகோட் முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறிக்கும் உலகப் பொதுவான எண் உண்டு. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. அப்படியிருந்தும் அச்சகக் கோப்பிலிருந்து பாமினி வாசகத்தை எடுத்துத் தளத்தில் ஒட்டினால், இன்டெக்ஸில் ஏறுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். இந்தத் தொல்லை வேண்டாமென்று விளம்பரம் முழுவதையும் படமாக்கிப் போடுவோரும் உண்டு. அப்போது பக்கத்தில் சொல்லே இல்லாமல் போகிறது.

கூகுள் லென்ஸ் படத்திலுள்ள தமிழையும் வாசிக்கிறதே என்று கேட்கலாம். வாசிக்கிறது, ஆனால் அது படத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு உதவுவது. கடை இருப்பதே தெரியாமல் தேடுபவருக்கு அந்தப் படம் கிடைக்க வேண்டுமே. முக்கியமான வாசகத்தைப் படத்துக்குள் வைக்காதீர்கள் என்று தளம் அமைப்போருக்குக் கூகுளே சொல்கிறது. வாடிக்கையாளர் ஆங்கிலத்தில்தானே தேடுகிறார் என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். உண்மைதான், பலர் அப்படித்தான் தேடுகிறார்கள். ஆனால் கூறைச்சேலை, தாலிக்கொடி, மணவறை போன்றவற்றை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். ரொறன்ரோவில் இருந்துகொண்டு வெள்ளவத்தையில் கல்யாணத்துக்கு ஆயத்தம் செய்யும் குடும்பம், இவற்றைத் தமிழில் தேடினால் அந்த மயக்கம் பெருமளவு குறையும். விசைப்பலகையும் இனித் தடையல்ல: 2017இல் கூகுளின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழும் சேர்ந்தது. பேசினால் போதும், கைபேசி யூனிகோடில் எழுதிக்கொள்ளும். ஆங்கிலத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஒரே பக்கத்தில் இரண்டும் இருக்கட்டும். முகநூல் பக்கம் போதும் என்போருக்கு ஒன்று மட்டும்: அங்கே இட்ட பதிவு சில நாளில் கீழே போய்விடும், யார் கண்ணில் படும் என்பதும் உங்கள் கையில் இல்லை.

யூனிகோட் தமிழ் மட்டுமே கடையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிடாது. பிற தளங்கள் தரும் இணைப்பு (பேக்லிங்க்), பக்கம் திறக்கும் வேகம், தகவலின் தரம் எல்லாம் வரிசையைத் தீர்மானிக்கும்; பேக்லிங்குக்குச் செலவிடுவது பற்றிப் பிறகு பேசலாம். அதற்குமுன் உங்கள் தளத்திலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் நல்லது. ஆங்கில எழுத்துகளாக வந்தால் அது பாமினி போன்ற எழுத்துரு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, பிழை பார்த்துத் திரும்ப ஏற்றுங்கள். சொல்லைத் தெரிவுசெய்யவே முடியாவிட்டால் அது பெரும்பாலும் படம். வாசகத்தைப் புதிதாகத் தட்டச்சுச் செய்ய வேண்டியதுதான்.