கையொப்பத்திற்கு முன்

நமுனுகுல மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களில், ஆணும் பெண்ணும் இணைந்து வாழ ஊரும் உறவும் கோவில் சந்நிதியும் சாட்சியாக இருந்தாற் போதும் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. பதிவாளரிடம் செல்லாமலே முதுமை எய்திய தம்பதியர் பலர். மணப்பதிவின்றிச் சேர்ந்து வாழத் துணியும் இருவர், வீடு, பணம், நகை ஆகியவை குறித்து ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்ள விரும்பினால், அதனை நான் குறை கூறேன். ஆயினும், ஒப்பமிடுமுன் இருவரும் தனித்தனியே தத்தமக்குரிய சட்டத்தரணியை நாடுதல் வேண்டும் என்பேன்.

இதனை வற்புறுத்துவதற்கு நம் வரலாறே எனக்குக் காரணம். ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டில் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியின் கடனைக் குறித்த ஒரு தாளே அவனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றியது. அதை எழுதியவர் ஒருவர்; அதற்குக் கட்டுண்டவர் வேறொருவர். அந்நிலை குடும்பத்துக்குள்ளும் புகலாமா?

இலங்கையில், சேர்ந்து வாழ்வோர்க்கெனத் தனிச்சட்டம் இல்லை. ஆனால் கணவன் மனைவியராக நெடுநாள் வாழ்ந்து, அவ்வாறே ஊராரால் மதிக்கப்பட்டவரை, மணமானவராக நீதிமன்றம் அனுமானிக்க இடமுண்டு. அவ்வனுமானம் மறுக்கத்தக்கது. “நாம் கணவன் மனைவியர் அல்லேம்” என்று உடன்படிக்கையில் ஒரு வரி இருப்பின், பின்னாளில் அதுவே பெண்ணுக்கு எதிரான சாட்சியாகும். விளைவு சிறிதன்று. தோட்டத் தமிழருக்குப் பொருந்தும் 1876ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டப்படி, மரணசாதனம் எழுதாது இறந்தவரின் சொத்தில் பாதி வாழ்க்கைத் துணைக்குரியது. மனைவி அல்லள் என்றாகிவிட்டால் அப்பாதியும் இல்லை.

காணி பற்றிய வாக்குறுதிக்கோ வேறொரு தடை உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, நொத்தாரிசின் முன்னும் இரு சாட்சிகளின் முன்னும் ஒப்பமிடப்படாத காணி உடன்பாடு செல்லாது. மாறாக, குழந்தையின் தாபரிப்பு உரிமையைப் பெற்றோர் எழுதும் தாள் அழித்துவிட முடியாது; மணவுறவில் பிறந்த பிள்ளைக்கும் பிறவாத பிள்ளைக்கும் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையை வழங்குகிறது. இவற்றையெல்லாம், ஒரு தரப்பார் அழைத்துவந்த சட்டத்தரணி மறு தரப்பார்க்கு விளக்குவார் என்று எதிர்பார்த்தல் தகாது.

ஆலோசனைக்குக் காலமும் வேண்டும். அவுஸ்திரேலியாவில், சேர்ந்து வாழ்வோரின் சொத்து உடன்படிக்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமாயின், இருவரும் தனித்தனியே சட்ட ஆலோசனை பெற்றிருத்தல் வேண்டும் என 2009ஆம் ஆண்டு முதல் பெரும்பாலான மாநிலங்களில் விதி உண்டு. ஆயினும், தோர்ன் எதிர் கென்னடி வழக்கில் நிகழ்ந்ததைப் பாருங்கள். பிறநாட்டிலிருந்து வந்த பெண்ணை, ஒப்பமிட வேண்டாமென அவளுடைய சட்டத்தரணியே எச்சரித்தார். ஒப்பமிடாவிடில் திருமணமே இல்லை என்றார் செல்வந்தரான மணமகன். திருமணத்திற்கு நான்கு நாட்களே எஞ்சியிருக்க, அவள் ஒப்பமிட்டாள். அவ்வுடன்படிக்கையை 2017ஆம் ஆண்டில் அந்நாட்டின் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நல்லாலோசனை கிட்டியும், மறுத்துக் கூறும் நிலை அவளுக்கு இல்லாது போயிற்று.

ஆதலின், தாளைச் சில வாரங்களுக்கு முன்னரே பெறுங்கள். தமிழ் 1987ஆம் ஆண்டு முதல் இந்நாட்டின் அரசகரும மொழி, தமிழிற் கேளுங்கள். கட்டணம் கொடுக்க இயலாதோர்க்கு, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. ஆலோசனை கேட்பது துணைவரை ஐயுறுதல் ஆகாது. “போய்க் கேட்டு வா” என மனமுவந்து அனுப்புபவரே நம்பிக்கைக்குரியவர். அதனைத் தடுப்பவரின் தாளில் ஒப்பமிடாதிருத்தலே நன்று.