ஐரோப்பாவைச் சாய்த்தது வரியா, வாயுவா?

ஐரோப்பியத் தொழில்துறை தள்ளாடுகிறது என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. ஜெர்மனியில் 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைப்பதென்று ஃபோக்ஸ்வேகன் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. அதற்கு முந்தைய மாதம்தான் தைசன்குரூப்பின் உருக்குப் பிரிவு 11,000 பணியிடங்களைக் குறைக்கவோ வெளியே மாற்றவோ போவதாக அறிவித்திருந்தது. ஏன் இப்படி என்று கேட்டால், அங்கே அரசியல் மேடைகளில் ஒரு விடை தயாராக இருக்கிறது: பருவநிலையைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பி, கார்பனுக்கு விலை வைத்து, பெட்ரோல் காருக்கு நாள் குறித்து, சொந்தத் தொழிற்சாலைகளுக்குத் தாங்களே பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்பதே அது. கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் குற்றவாளி வேறு ஆள். ஐரோப்பாவின் முதுகை ஒடித்தது கார்பன் வரி அல்ல, இறக்குமதி எரிவாயு. பருவநிலைக் கொள்கையின் மீது குறை உண்டு. அது அதிகமாகச் செய்தது என்பதல்ல அந்தக் குறை, தொடங்கியதைப் பாதியில் விட்டது என்பதுதான்.

முதலில் காலவரிசையைப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் சந்தை 2005-இல் தொடங்கியது. ஒரு டன் கரியமில வாயுவை வெளியிட ஓர் அனுமதிச் சீட்டு வேண்டும். மொத்தச் சீட்டுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும். தேவைக்கு மேல் வைத்திருப்பவர் விற்கலாம், போதாதவர் வாங்க வேண்டும். ஏற்பாடு கண்டிப்பானதாகத் தெரியலாம். ஆனால் 2013 முதல் 2017 வரை ஒரு சீட்டின் விலை 10 யூரோவைக்கூட எட்டவில்லை. போட்டியில் அடிபடக்கூடிய உருக்கு, சிமென்ட், ரசாயன ஆலைகளுக்கு இதில் பெரும்பங்கு இலவசமாகவே வழங்கப்பட்டது. விலை 100 யூரோவைத் தொட்டது 2023 பிப்ரவரியில்தான். அமெரிக்காவைவிட ஐரோப்பா பின்தங்கிப்போன கதையோ அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இத்தாலியின் முன்னாள் பிரதமரும் ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவருமான மாரியோ திராகி 2024 செப்டம்பரில் அளித்த அறிக்கை இதைத் தெளிவாகவே சொல்கிறது: உற்பத்தித் திறனில் விழுந்த இடைவெளிக்குப் பெரும்பகுதிக் காரணம் தகவல் தொழில்நுட்பம். கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஐரோப்பாவில் புதிதாகத் தொடங்கி 10,000 கோடி யூரோ சந்தை மதிப்பைத் தாண்டிய நிறுவனம் ஒன்றுகூட இல்லை. கூகுளும் மெட்டாவும் ஐரோப்பாவில் பிறக்காமல் போனதற்குக் கார்பன் சீட்டைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் ஆற்றல் விலை உண்மையான சுமைதான். அமெரிக்க நிறுவனங்களைவிட ஐரோப்பிய நிறுவனங்கள் மின்சாரத்துக்கு இரண்டு, மூன்று மடங்கும் எரிவாயுவுக்கு நான்கு, ஐந்து மடங்கும் கொடுப்பதாக அதே அறிக்கை சொல்கிறது. இந்த விலை எங்கிருந்து வந்தது? ரைன் நதிக்கரையில் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரில் இருக்கும் பிஏஎஸ்எஃப் வளாகம் இதற்கு நல்ல சாட்சி. ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்து கிடக்கும் உலகின் மிகப்பெரிய ஒருங்கிணைந்த ரசாயன வளாகம் அது. ஓர் ஆலையின் கழிவு அடுத்த ஆலையின் மூலப்பொருளாகும்படி குழாய்களால் பின்னப்பட்டது. அங்கே எரிவாயு அடுப்பெரிக்க மட்டும் அல்ல. அம்மோனியா தயாரிக்கத் தேவைப்படும் ஹைட்ரஜனே எரிவாயுவிலிருந்துதான் பிரித்தெடுக்கப்படுகிறது, அதாவது அரிசியும் அதுவே, விறகும் அதுவே. ரஷ்யா உக்ரைன் மீது படையெடுப்பதற்கு முன்பு ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் 40 சதவீதத்துக்கு மேல் ரஷ்யாவிலிருந்து மலிவாக வந்தது. படையெடுப்புக்குப் பிறகு குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட்டன. நெருக்கடிக்கு முன் ஒரு மெகாவாட் மணிக்கு 20 யூரோ அளவில் இருந்த எரிவாயு, 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. அடுத்த பிப்ரவரியிலேயே லுட்விக்ஸ்ஹாஃபனின் இரண்டு அம்மோனியா ஆலைகளில் ஒன்றை மூடுவதாக பிஏஎஸ்எஃப் அறிவித்தது. அதை மூட வைத்தது பிரஸ்ஸல்ஸ் போட்ட சட்டம் அல்ல, மாஸ்கோ மூடிய குழாய்.

எரிவாயு இப்படி ஏறினால் மின்சாரமும் ஏன் கூடவே ஏற வேண்டும்? மின்சந்தையின் விதி அப்படி. ஒவ்வொரு மணி நேரமும் மலிவான மின்நிலையங்களை முதலில் இயக்குவார்கள். தேவையை நிறைவு செய்யக் கடைசியாக எந்த நிலையத்தை இயக்க நேர்கிறதோ, அது கேட்கும் விலையே எல்லாருக்குமான விலை. கடைசியாக வருவது பெரும்பாலும் எரிவாயு நிலையம். 2022-இல் ஐரோப்பிய மின் உற்பத்தியில் எரிவாயுவின் பங்கு 20 சதவீதம்தான். ஆனால் 63 சதவீத நேரம் விலையைத் தீர்மானித்தது அதுதான் என்கிறது திராகி அறிக்கை.

கார்பன் விலையும் இந்த மின்கட்டணத்தில் சேர்கிறதே என்று கேட்கலாம். சேர்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. ஒரு மெகாவாட் மணி, அதாவது நம் கணக்கில் ஆயிரம் யூனிட் மின்சாரம் தயாரிக்க ஓர் எரிவாயு நிலையம் 0.4 டன்னுக்குச் சற்றுக் குறைவாகக் கரியமில வாயுவை வெளியிடும். 2024-இல் சீட்டின் விலை சுமார் 65 யூரோ என்று வைத்தால் கூடுதல் செலவு 25 யூரோ. அதே ஆயிரம் யூனிட்டுக்கு இரண்டு மெகாவாட் மணி அளவு எரிவாயு எரிய வேண்டும். 2024-இல் அதற்கு ஐரோப்பாவில் 70 யூரோ வரை ஆனது, அமெரிக்காவில் 15 யூரோதான். ஆக, இரு கரைகளுக்கும் இடையிலான வித்தியாசத்தில் எரிவாயுவின் பங்கு 55 யூரோ, கார்பனின் பங்கு 25 யூரோ. நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022-இல் இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார்பன் சீட்டுக்குக் கொடுக்கும் பணம் ஐரோப்பிய அரசுகளின் கஜானாவுக்கே திரும்புகிறது. எரிவாயுப் பணம் கப்பலேறிப் போய்விடுகிறது. 2024-இல் மட்டும் ஆற்றல் பொருள்களின் இறக்குமதிக்கு ஒன்றியம் செலவிட்டது ஏறத்தாழ 37,600 கோடி யூரோ. சொந்தமாக எண்ணெயும் எரிவாயுவும் போதிய அளவு இல்லாத ஒரு கண்டம் காற்றையும் வெயிலையும் அணுவையும் நம்புவது லட்சியவாதம் அல்ல, வீட்டுக் கணக்கு.

ஒரே நிறுவனத்தின் இரண்டு முடிவுகள் இந்த வாதத்தை இன்னும் துலக்கமாகக் காட்டுகின்றன. ஜெர்மனியின் பிரேமன், ஐசன்ஹுட்டன்ஷ்டாட் ஆலைகளை நிலக்கரியிலிருந்து ஹைட்ரஜன் வழிக்கு மாற்ற ஆர்சலர்மிட்டலுக்கு 130 கோடி யூரோ மானியம் காத்திருந்தது. 2025 ஜூனில் அந்த நிறுவனம் மானியத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திட்டத்தைக் கைவிட்டது. மின்சாரமும் ஹைட்ரஜனும் கட்டுப்படியாகாது என்பது அதன் கணக்கு. பசுமைக் கனவு கலைந்தது என்று எழுதியவர்கள் பலர். ஆனால் அதற்கு முந்தைய மாதம் அதே நிறுவனம் பிரான்சின் டங்கர்க்கில் 120 கோடி யூரோ செலவில் மின்வில் உலை அமைக்கப் போவதாக உறுதி செய்திருந்ததை எத்தனை பேர் சேர்த்து எழுதினார்கள்? இரு நாடுகளுக்கும் ஒரே கார்பன் சட்டம், ஒரே நாணயம், ஒரே சந்தை. மின்சாரம்தான் வேறு. பிரான்சின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணு உலைகளிலிருந்து வருகிறது. ஜெர்மனி தன் கடைசி மூன்று அணு உலைகளை 2023 ஏப்ரல் 15-இல் அணைத்தது, எரிவாயு நெருக்கடியின் சூடு ஆறுவதற்கு முன்பே. அதைப் பருவநிலைக் கொள்கையின் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு. கரியமில வாயு வெளியிடாத நிலையங்களை மூடுவது எப்படிப் பருவநிலைக் கொள்கையாகும்? ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு வலுத்த அணு அச்சத்தின் விளைவு அது.

பாதியில் விட்ட வேலை எது என்பதற்கும் ஜெர்மனியே சான்று. வடகடல் ஓரத்தில் காற்று வீசுகிறது, ஆலைகளோ தெற்கே பவேரியாவிலும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்க சூட்லிங்க் என்ற 700 கிலோமீட்டர் உயரழுத்த மின்தடம் திட்டமிடப்பட்டது. 2022-இல் முடிந்திருக்க வேண்டும். உயர்ந்த கோபுரங்கள் தங்கள் ஊர்களைக் கெடுத்துவிடும் என்று தெற்கே எதிர்ப்பு கிளம்ப, கேபிளை நிலத்தடியில் பதிப்பதற்கு முன்னுரிமை தருவதென்று 2015-இல் முடிவானது. பாதையை மறுபடி வகுத்து, அனுமதிகளை மறுபடி வாங்கி, செலவு சுமார் 1,000 கோடி யூரோவை எட்டி, இப்போது 2028 என்கிறார்கள். அதுவரை என்ன நடக்கிறது? காற்று பலமாக வீசும் நாளில் வடக்கே காற்றாலைகளை நிறுத்தச் சொல்லி, நிறுத்தியதற்கு இழப்பீடும் கொடுத்து, அதே நேரத்தில் தெற்கே எரிவாயு நிலையங்களைக் காசு கொடுத்து ஓட்டுகிறார்கள். இந்தச் சரிக்கட்டலுக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி யூரோ போகிறது. கார்பன் இலக்கை எழுதிய பேனாவுக்கு இருந்த வேகம் கம்பி இழுத்த கைகளுக்கு இல்லை. திராகி ஆண்டுக்குக் கூடுதலாக 75,000 முதல் 80,000 கோடி யூரோ முதலீடு தேவை என்று சொன்னதில் இந்த மாதிரி விட்டுப்போன வேலைகளும் அடக்கம்.

வேலையை ஒழுங்காகச் செய்தால் விலை இறங்கும் என்பதற்கு ஸ்பெயின் உதாரணம். 2019-இல் அங்கே நான்கில் மூன்று பங்கு நேரம் மின்விலை எரிவாயுவோடு கட்டுண்டு கிடந்தது. காற்றும் சூரியனும் பெருகியதால் 2025-இன் முதல் பாதியில் அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. 2025 ஏப்ரல் 28-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கினவே என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. மின்னழுத்தம் கட்டுமீறி உயர்ந்து, நிலையங்கள் அடுத்தடுத்து துண்டித்துக்கொண்டதே அன்று நடந்தது. அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் கருவிகளிலும் விதிகளிலும் செலவழிக்கத் தவறிய குற்றம் அது. அங்கும் குறை, மின்தொகுப்பைக் கவனிக்காமல் விட்டதுதான்.

ஆலைகள் மூடியதால்தானே ஐரோப்பாவின் புகை குறைந்தது என்ற கேலியும் பாதி உண்மைதான். 2023-இல் ஒன்றியத்தின் உமிழ்வு 1990-ஐவிட 37 சதவீதம் குறைவு. அதே காலத்தில் பொருளாதாரம் 68 சதவீதம் வளர்ந்திருக்கிறது. உற்பத்தி வெளியே போனதால் வந்த குறைவும் இதில் உண்டு, ஆனால் கணிசமான பங்கு மின்துறையில் நிலக்கரி குறைந்ததால் வந்தது. 2024-இல் சூரிய மின்சாரம் 11 சதவீதமாகி நிலக்கரியை முந்தியது. கார் தொழிலின் கதையோ பருவநிலைக் கொள்கை மீதான குற்றச்சாட்டுக்கு நேர்மாறு. ஃபோக்ஸ்வேகன் தன் லாபத்தின் ஊற்றான சீனச் சந்தையில் முதலிடத்தை 2023-இல் அந்நாட்டின் பிஒய்டி நிறுவனத்திடம் இழந்தது. மின்சாரக் கார்களுக்கு வேகமாக மாறியதால் அல்ல, தாமதமாக மாறியதால். ஸ்வீடனின் நார்த்வோல்ட் பேட்டரி நிறுவனம் 2025 மார்ச்சில் திவாலானதும் கார்பன் வரியால் அல்ல. தரமான செல்களைத் தேவையான எண்ணிக்கையில் தயாரிக்கத் தெரியாமல் போனதால்.

இப்போது பிரஸ்ஸல்ஸ் பின்வாங்கத் தொடங்கியிருக்கிறது. நிறுவனங்கள் நிரப்ப வேண்டிய அறிக்கைகளைக் குறைப்பது சரியான காரியம், அந்தக் காகிதக் கட்டுகளால் எந்தப் புகையும் குறையவில்லை. ஆனால் 2035 முதல் புதிய பெட்ரோல் கார் கூடாது என்ற விதியை 90 சதவீதக் குறைப்பாகத் தளர்த்த 2025 டிசம்பரில் வந்த யோசனை எந்த ஆலையின் எரிவாயுக் கட்டணத்தையும் ஒரு சென்ட்கூடக் குறைக்காது. சீனப் போட்டியாளரையும் தடுக்காது.

ஒன்று மட்டும் தளரப்போவதாகத் தெரியவில்லை. வெளிநாட்டுச் சரக்குக்குக் கார்பன் விலை வைக்கும் எல்லை வரி 2026 ஜனவரியில் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. சொந்த ஆலைகளுக்குக் கொடுத்துவந்த இலவசச் சீட்டுகளை 2034-க்குள் நிறுத்த வேண்டுமானால், இந்த வரி இல்லாமல் முடியாது. உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம் மட்டுமல்ல, இரும்புத் திருகாணியும் போல்ட்டும்கூட இதன் பட்டியலில் இருக்கின்றன. 2026-இல் ஐரோப்பாவுக்குள் நுழையும் சரக்குக்கான சான்றிதழ்களை இறக்குமதியாளர்கள் 2027 பிப்ரவரி முதல் வாங்க வேண்டும். அந்தச் செலவைக் குறைக்க அவர்கள் கேட்கப்போவது, தயாரிப்பாளர் கொடுக்கும் உண்மையான உமிழ்வுக் கணக்கை. கணக்கு இல்லாதவர்களுக்கு ஒன்றியம் குறித்து வைத்திருக்கும் பொது அளவே விதிக்கப்படும். அது சலுகையாக இருக்காது. ஐரோப்பா மனம் மாறிவிடும் என்று காத்திராமல், தங்கள் உலையில் ஒரு டன் இரும்புக்கு எத்தனை யூனிட் மின்சாரமும் எவ்வளவு நிலக்கரியும் போகிறது என்பதை நம் ஊர் ஏற்றுமதியாளர்கள் இப்போதே எழுதி வைக்கத் தொடங்க வேண்டும்.